ஆமாம்சாமி சொன்ன சாட்சி

கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பெரியவரைப் போன வார அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம். ஒன்பதாம் நாளான இன்று காலை அவர் வீடு திரும்பிவிட்டார். இடுப்புக்குள் ஒரு தகடு, பக்கத்தில் ஒரு நடைச்சட்டம். முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

அவர் கோபத்துக்குக் காரணம் வலி இல்லை. "பட்டனை மூணு தடவை அமுக்கினேன்" என்று அவர் சொல்கிறார். அதை யாரும் நம்பவும் இல்லை, நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

விஷயம் இதுதான். படுக்கையில் கிடப்பவர்கள் பட்டனை அமுக்கினால் மணி அடித்து, வீட்டிலிருப்பவரின் போனையும் கூப்பிடுகிற ஒரு சின்னப் பெட்டி. அதைச் செய்து விற்பதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. கீழே வீடு, மாடியில் ஆபீஸ். பெரியவரின் மகன்களில் மூத்தவர் ஆர்டர் பிடிப்பார். இளையவர் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுவார். எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது மூத்தவரின் மனைவி. ஒரு கல்லும் தப்பாது என்பதால் ஆபீசில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை உண்டு.

பெரியவர் விழுந்த அன்று மதியம் மணி மூன்றாகப் பத்து நிமிஷம். மற்ற எல்லோரும் ஒரு முதியோர் இல்லத்தில் அளவெடுக்கப் போயிருந்தார்கள். வீட்டில் பெரியவர், அடுத்த அறையில் தையல் மெஷினோடு சின்ன மருமகள். அவள் போன் அடிக்கவில்லை என்கிறாள். பெட்டியின் பதிவேட்டிலும் பட்டன் அமுக்கியதாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு இளையவர் அமுக்கியபோது பெட்டி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது.

ஆக, மதியம் பெட்டியை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவானது. வீட்டில் இருந்ததோ சின்னவள் ஒருத்தி. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரே மதியத்தில் எட்டு முறை அடித்த மணியைக் கேட்டு, "இதை அணைச்சுத் தொலைச்சா என்ன?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவளும் அவள்தான்.

"பெட்டியில ஏதாவது கோளாறு இருக்குமா?" என்று அன்று மூத்தவர் தன் மனைவியைத்தான் கேட்டார். "இருநூத்திப் பன்னிரண்டு சோதனையும் பச்சை, எல்லாம் பாஸ்" என்றாள் சல்லடை. அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இளையவர் ஒன்பது நாளாகத் தன் மனைவியோடு பேசவில்லை.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னவளை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் வருகிறார். திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. நாளைக் காலையோ அதே முதியோர் இல்லத்துக்கு நாற்பது பெட்டி போகிறது.

*

காலையிலிருந்தே சல்லடையின் கண் சின்னவள் மேலேயே இருந்தது.

பெரியவரைப் படுக்க வைக்கும்போது சின்னவள் தலையணையைச் சரிசெய்தாள், ஆனால் பெட்டி இருந்த பக்கம் திரும்பவில்லை. காபி கொடுத்தாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் இருக்கும் என்று சல்லடை முடிவு கட்டினாள். அவமானப்பட்ட நெஞ்சும் இப்படித்தான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

ஜன்னலோரமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டதால் பெட்டியையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. பெட்டிக்குள் பேட்டரி உண்டு, வயரைப் பிடுங்கினாலும் ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் பின்பக்கச் சுவிட்சைத்தான் தட்ட வேண்டும். கையில் எடுத்த சல்லடை பழக்கதோஷத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக் குட்டித் திரையைப் பார்த்தாள். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அதைப் பார்க்காமல் அவளால் வைக்க முடியாது.

நிறுத்தாமல் ஓடிய நாள்: 22.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். இருபத்திரண்டுதான். சுவிட்சை ஒரு நொடி அணைத்திருந்தாலும் அந்த எண் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். பெரியவர் விழுந்தது ஒன்பது நாள் முன்னால். அப்படியானால் அன்று பெட்டியை யாரும் அணைக்கவில்லை.

இந்த எண்ணை ஒன்பது நாள் முன்னாலேயே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. குற்றவாளி கைக்கு வந்த பிறகு தடயத்தை எவர் தேடுகிறார்?

சரி, சின்னவள் இல்லை. அப்படியானால் பெரியவர் அமுக்கவே இல்லையா? சந்தேகம் என்பது வாடகை வீடு தேடுகிற ஆள் மாதிரி, ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டும்.

"மாமா, அன்னிக்கு நிஜமாவே அமுக்கினீங்களா?" என்று கேட்டாள்.

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னார். எட்டு முறை அமுக்கி வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ரோஷத்தில் மதிய நேரத்தில் பட்டன் பக்கம் அவர் கையையே கொண்டுபோகவில்லை. தாகமெடுத்தால் பொறுத்துக்கொண்டார். அன்றுதான் முடியாமல், வெட்கத்தை விட்டு அமுக்கினார். ஒன்று அமுக்கிக் காத்திருந்தார், இரண்டு அமுக்கினார், மூன்று அமுக்கினார்.

"ரெண்டு வாரமா அமுக்காதவன் அன்னிக்கு அமுக்கினதை மறப்பேனாம்மா?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை சல்லடையைப் பிடித்துக்கொண்டது. மதிய நேரம்.

*

சின்னவள் அணைத்துத் தொலைக்கச் சொன்னதற்கு மறுநாள், அதாவது சரியாக இருபத்திரண்டு நாள் முன்னால், இளையவர் பெட்டியை அணைத்துப் போட்டு அதில் ஒரு புது ஏற்பாடு செய்தார். அமைதி நேரம் என்று பெயர். மதியம் இரண்டு முதல் நான்கு வரை பெரிய மணி அடிக்காது. பட்டனை அமுக்கினால் வீட்டிலிருப்பவரின் போன் மட்டும் மெதுவாகக் கூப்பிடும்.

அதைச் சோதித்ததும் சல்லடைதான். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தான் எழுதிய சோதனையைத் தானே எடுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு நாளில் அவள் பச்சையை எண்ணியிருக்கிறாள். உள்ளே படித்துப் பார்த்தது இல்லை.

அவள் வேலையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நிஜ போனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் போனுக்குப் பதிலாக ஒரு போலி போனை நிரலிலேயே செய்து வைப்பார்கள். அதை மாக் என்பார்கள். அதற்கு அடிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்களா, எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ள மட்டும் தெரியும். எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் சல்லடை அதற்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்திருந்தாள்.

பட்டன் அமுக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்த பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பெயர். பெரிய மணிக்கு ஒரு ஹேண்ட்லர், அமைதி நேரத்துக்கு ஒரு ஹேண்ட்லர். ஹேண்ட்லரை எழுதி வைத்தால் மட்டும் போதாது. பட்டனோடு அதைக் கட்டிவிட ஒரு வரி வேண்டும். இரண்டு மணிக்கு முதலாவதை அவிழ்த்துவிட்டு இரண்டாவதைக் கட்ட வேண்டும், நான்கு மணிக்கு மறுபடி மாற்றிக் கட்ட வேண்டும்.

சல்லடையின் சோதனை அமைதி நேர ஹேண்ட்லரைப் பேர் சொல்லி நேராகக் கூப்பிட்டது. அது ஆமாம்சாமியைக் கூப்பிட்டது. 'ஒருமுறை கூப்பிட்டார்கள்' என்றது ஆமாம்சாமி. பச்சை.

பட்டனை அந்தச் சோதனை தொடவே இல்லை.

வாசல் மணி வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தவர், மணியை அடிக்காமல் நேரே உள்ளே போய், 'யாரோ வந்திருக்காங்க' என்று சொல்லி, வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்ததும் 'மணி நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிக்கொண்டு போன மாதிரி இருந்தது அது. எழுதிக்கொண்டு போனவள் தான்தான் என்பதை நினைத்தபோது சல்லடைக்குக் காதெல்லாம் சூடானது.

அவள் புதிதாக ஒரு சோதனை எழுதினாள். இந்த முறை பட்டனுக்கும் ஒரு போலி. கடிகாரத்துக்கும் ஒரு போலி, அதில் மணி இரண்டு ஐம்பது. ஹேண்ட்லரின் பேரையே எடுக்காமல் போலி பட்டனை அமுக்க வைத்தாள். ஆமாம்சாமியிடம் கேட்டாள்.

சிவப்பு. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது பூஜ்யம்.

பிறகு இளையவர் எழுதிய நிரலைப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பெரிய மணியின் ஹேண்ட்லரை அவிழ்க்கும் வரி இருந்தது. அமைதி நேர ஹேண்ட்லரைக் கட்டும் வரி இல்லவே இல்லை. இரண்டு முதல் நான்கு வரை அந்தப் பட்டனின் மறுமுனையில் யாருமே கிடையாது. பதிவேட்டில் எழுதுவதும் ஹேண்ட்லரின் வேலை என்பதால் பதிவேடும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றினார்கள்.

*

மணி இரண்டரைக்குச் சல்லடை பெரியவரின் அறைக்குள் வந்தாள். சின்னவள் போன் கூடத்து மேஜைமேல் இருந்தது. அவள் அடுத்த அறையில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, அன்னிக்கு மாதிரியே அமுக்குங்க."

அவர் கேள்வி கேட்காமல் அமுக்கினார். காத்திருந்தார். மறுபடி அமுக்கினார். மூன்றாவது முறை அமுக்கிவிட்டுப் பட்டனை மார்மேல் வைத்துக்கொண்டார். மேஜைமேல் போன் மரக்கட்டையாகக் கிடந்தது.

"இப்பவாவது நம்புறியா?" என்றார்.

சல்லடைக்கு அழுகை வந்தது. அழுதாள். பெரியவர் அவளைத் தேற்றவில்லை. அடுத்த அறையைக் கையால் காட்டி, "என்கிட்ட எதுக்கு அழறே? அழ வேண்டிய இடம் அது" என்றார். அவரும் சின்னவள் அணைத்ததாகத்தான் நம்பியிருந்தார். அதை அவர் சொல்லவில்லை, முகம் சொல்லியது.

நேரே போய்ச் சின்னவள் கையைப் பிடித்திருக்கலாம். சல்லடை போகவில்லை. அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்திருந்தது. இதே பெட்டியை இரண்டு வீடுகளுக்கு முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார்கள், பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி. அங்கேயும் மதியம் வருமே? அங்கே யாரும் அமுக்கவில்லையா?

மாடிக்கு ஓடி, பேக் செய்து வைத்திருந்த நாற்பதில் ஒன்றைப் பிரித்து அமுக்கினாள். அதுவும் ஊமை. பிறகு வீடுகளிலிருந்து வரும் புகார்களின் எண் பட்டியலைத் திறந்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு, பத்தொன்பது. பதினெட்டைக் காணவில்லை. பதினேழின் தேதியையும் பத்தொன்பதின் தேதியையும் பார்த்தால், காணாமல் போனது பெரியவர் விழுவதற்கு நாலு நாள் முந்தையது.

பட்டியலில் அவளால் எழுத முடியும், அழிக்க முடியாது. அழிக்கிற உரிமை அண்ணன் தம்பி இருவருக்கு மட்டும்தான்.

ஒன்பது நாளாகக் கீழே ஒருத்தியைச் சந்தேகித்தவள், இப்போது இன்னும் பெரிய சந்தேகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நேராகக் கேட்டால் இருவருமே இல்லை என்பார்கள். நேராகக் கூப்பிட்டுச் சோதித்ததன் லட்சணத்தை அவள் இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். பட்டனை மட்டும் அமுக்க வேண்டும். யாருக்குள் எது கட்டியிருக்கிறது என்று அதுவே காட்டும்.

*

நான்கு மணிக்கு இளையவர் மேலே வந்தார்.

"தம்பி, பேக் பண்ணின பெட்டியில ஒண்ணு அமுக்கினேன். அடிக்கலை" என்றாள் சல்லடை. அவ்வளவுதான் சொன்னாள்.

இளையவர் பையைக்கூட இறக்கவில்லை. "எந்தப் பெட்டி அண்ணி? வயர் பார்த்தீங்களா? எப்ப அமுக்கினீங்க?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

சல்லடை அவரைத் தடுத்து, சிவந்து கிடந்த சோதனையைக் காட்டினாள். அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். அந்த ஒரு வரியை எழுத மறந்தது தான்தான் என்றார். அது தன் கண்ணில் படாமல் போனதும் தப்புதான் என்றாள் இவள். பதினெட்டாம் புகாரைப் பற்றிக் கேட்டபோது அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து விழித்தார். அந்த விழிப்பில் நடிப்பு இல்லை.

பிறகு அவர் கீழே போனார். சின்னவளின் அறை வாசலில் போய் நின்றார். ஒன்பது நாளாகப் பேசாத வாய்க்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

சின்னவள் ஒரு புடவையை மடித்து முடித்துப் பைக்குள் வைத்தாள். "போன் அடிக்கலைன்னு அன்னிக்கே சொன்னேனே. மெஷின் சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

சல்லடையும் அங்கே போய் நின்றாள். "நீ தப்புப் பண்ணலை. பச்சைன்னு சொன்னது நான். மன்னிச்சிடு" என்றாள்.

"சரிக்கா" என்றாள் சின்னவள். மன்னித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

*

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூத்தவர் உற்சாகமாக உள்ளே வந்தார். முதியோர் இல்லத்தில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும் என்றார். கையில் பையோடு நின்ற சின்னவளைப் பார்த்து, போய் நாலு நாள் இருந்துவிட்டு வா என்று பெருந்தன்மையாக விடை கொடுத்தார்.

சல்லடை கணவரையே பார்த்தாள். பதினாறு வருஷமாகப் பார்த்த முகம். இதில் எதுவும் கட்டியிருக்கக் கூடாது என்று அவள் மனதார ஆசைப்பட்டாள். எந்தப் பெட்டி, என்ன ஆச்சு, எப்போது என்று அவரும் பதறினால் போதும். தம்பி கேட்ட மாதிரியே கேட்டால் போதும்.

"ஏங்க, பேக் பண்ணின பெட்டியில ஒண்ணு அமுக்கினேன். அடிக்கலை."

மூத்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"மதியம் அமுக்கியிருப்பே. இப்ப அமுக்கு, அடிக்கும். ரெண்டு மணி நேரம்தானே, நாளைக்குக் கொடுத்துட்டு அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம்."

இளையவர் அண்ணனைப் பார்த்தார். சல்லடை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்ப அமுக்கினேன்னு சொல்லவே இல்லையேங்க" என்றாள்.

மூத்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பதினெட்டாம் புகாரை அழித்த கை அதுதான். அப்பாவின் அறைக் கதவு திறந்தே இருக்கிறது என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

அந்த அறையிலிருந்து மணி அடித்தது. ஒருமுறை. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. மறுபடி இன்னொரு முறை. நாலு மணி தாண்டிவிட்டதால் மிக நன்றாக அடித்தது.

பெற்ற மகன்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சின்னவள்தான் பையைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, மூத்தவரைத் தாண்டி, "இதோ வந்துட்டேன் மாமா" என்றபடி உள்ளே போனாள்.

வாசலில் அவளுடைய அண்ணனின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.